கூலர் வேண்டாம் என்ற மகளும் கூலர் கடைச் சம்பந்தியம்மாவும்

சேசு மரி சூசை துணை

அகரம்,
வியாழக்கிழமை

பழனி அடிவாரத்தில் லாட்ஜ் நடத்தி, வருகிற முருக பக்தர்களுக்கெல்லாம் அதிகாலையில் வெந்நீர் கொடுத்துப் புண்ணியம் சேர்த்துக்கொண்டிருக்கும் மதிப்பிற்குரிய மச்சான் சிலுவைமுத்து அவர்களுக்கு, தங்கள் தங்கை ஜெயமேரியின் வீட்டுக்காரன் அந்தோணிமுத்து தோத்திரம் சொல்லி எழுதிக்கொண்டது. சர்வேசுரன் கிருபையால் நான், தங்கள் தங்கை, தங்கள் மருமகள் டெய்சி மூவரும் ஒரே கூரையின் கீழ் இருக்கிறோம். பேசிக்கொள்கிறோமா என்பது வேறு விஷயம். தாங்களும் அக்காவும் சுகமாக இருப்பீர்கள் என்றும், தங்கள் சர்க்கரை தங்களுக்கு அடங்கியும் என் முழங்கால் எனக்கு அடங்காமலும் வழக்கம்போல இருக்கும் என்றும் நம்புகிறேன்.

கையில் போன் இருக்க இந்தக் காலத்தில் கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். போனில் பேசினால் தாங்கள் நடுவில் பேசிவிடுவீர்கள். வாட்ஸ்ஆப்பில் குரலைப் பதிந்து அனுப்பினால், போன தடவை போல அதை லாட்ஜ் வரவேற்பறையில் சத்தமாகப் போட்டுக் கேட்பீர்கள். ஈரோட்டிலிருந்து மொட்டை போட வந்த குடும்பமெல்லாம் என் மூலநோய்க்கு வைத்தியம் சொல்லும். அதனால்தான் எழுதி, உறையில் ஒட்டி, பழனி பஸ் கண்டக்டர் கையில் கொடுத்தனுப்புகிறேன். முப்பது வருஷம் அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவனுக்கு இந்த ஒரு சலுகையாவது மிச்சமிருக்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். டர்போ வைத்த ஒரு வேன் இன்ஜினைப் பிரித்துக் கட்டும்போது அதற்கு ஆயில் கூலர் போட வேண்டுமா, போடாமல் விடலாமா என்பதைத் தாய்மாமன் என்ற முறையில் தாங்கள் உடனே புறப்பட்டு வந்து தீர்ப்புச் சொல்ல வேண்டும். சிரிக்காதீர்கள் மச்சான். டெய்சியின் கல்யாணம் அதில்தான் தொங்கிக்கொண்டிருக்கிறது.

டெய்சி ஆட்டோமொபைல் டிப்ளமா படித்ததும், வீட்டுக்குப் பக்கத்திலேயே ஷெட் போட்டு வேலை செய்வதும் தங்களுக்குத் தெரியும். ஷெட்டுக்குத் தகரம் வாங்கிக் கொடுத்ததே தாங்கள்தான். அதன் பிறகு வந்த வரன்கள் எப்படிப் போயின என்பதையும் அறிவீர்கள். ஒரு வீட்டில் பெண்ணின் நகக்கண்ணில் இருந்த கிரீஸைப் பார்த்தார்கள், எழுந்து போனார்கள். இன்னொரு வீட்டில், "கல்யாணத்துக்கப்புறம் இதெல்லாம் விட்டுருமில்ல?" என்று நைசாகக் கேட்டார்கள். இவள் கையில் காப்பித் தட்டோடு, "எதெல்லாம்?" என்று திருப்பிக் கேட்டாள். அவர்கள் காப்பியைக்கூட முடிக்கவில்லை. தங்கள் தங்கை செவ்வாய்க்கிழமை தவறாமல் அந்தோணியாருக்கு நவநாள் செய்து, அவர் பெயரைச் சுமக்கும் என்னை முறைத்துக்கொண்டிருந்தாள்.

இந்த நிலையில்தான் திண்டுக்கல்லிலிருந்து ஜெரின் என்று ஒரு வரன் வந்தது. பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். அதிகம் பேசாத பிள்ளை. அவருடைய அப்பா லாரிகளுக்கு ரேடியேட்டரும் ஆயில் கூலரும் விற்கிற கடை வைத்திருந்து காலமானவர். இப்போது கடையை நடத்துவது அம்மா ஜோஸ்பின். மச்சான், அந்த அம்மாளைத் தாங்கள் பார்க்க வேண்டும். சுங்கடிச் சேலையும் கண்ணாடியுமாகக் கல்லாவில் உட்கார்ந்திருப்பார். தெருவில் போகிற லாரியின் சத்தத்தைக் கேட்டே, "இது இன்னும் பத்து நாளைக்குத்தான் தாங்கும், அப்புறம் நம்ம கடைக்கு வந்துரும்" என்று சொல்வார். அதுவும் வந்துவிடுமாம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து பெண் பார்க்க வந்தார்கள். வாசலில் கால் வைத்த ஜோஸ்பின் அம்மாள் வீட்டுக்குள் வரவில்லை, நேரே ஷெட்டுக்குப் போய்விட்டார். அங்கே சாணார்பட்டி கண்ணுசாமியின் வேன் இன்ஜின் பிரித்துப் போட்டுக் கிடந்தது. கண்ணுசாமி பூ விவசாயி. செவ்வந்தி கை கொடுக்காத மாதங்களில் வாடகைக்கு விடலாமென்று ஒரு பயணிகள் வேன் வாங்கி, அதை ஓட்டுகிறவர்கள் கையில் விட்டு, இன்ஜினை ஒழித்துக் கட்டியிருந்தார். ஜோஸ்பின் அம்மாள் குனிந்து, நிமிர்ந்து, ஒரு விரலால் தொட்டு முகர்ந்தும் பார்த்துவிட்டு, "யாரு கட்டுறது?" என்றார். நான், "எம் பொண்ணுதாங்க" என்றேன். "பொண்ணு பிடிச்சிருக்கு" என்றார். அப்போது டெய்சி இன்னும் அடுப்படியில் சேலை மடிப்பைச் சரிசெய்துகொண்டிருந்தாள். பெண்ணைப் பார்க்காமலே இன்ஜினைப் பார்த்துப் பிடித்துவிட்டது என்று சொன்ன வீட்டை நான் கேள்விப்பட்டதே இல்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தோடு கடிதம் முடிந்திருக்க வேண்டும்.

பஜ்ஜி வந்தது, காப்பி வந்தது, டெய்சியும் வந்தாள். ஜோஸ்பின் அம்மாள் பஜ்ஜியைக் கடித்துக்கொண்டே, "டர்போ வண்டியில்ல, ஆயில் கூலர் எந்த சைஸு போடுற?" என்று சாதாரணமாகக் கேட்டார். டெய்சியும் சாதாரணமாக, "இதுக்குத் தேவையில்லை அத்தை" என்றாள். கடித்த பஜ்ஜி கடித்தபடியே நின்றது.

இந்த இடத்தில் தங்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். நானும் அன்று வரைக்கும் தெரியாதவன்தான். பஸ்ஸிலேயே வாழ்க்கையைக் கழித்தேன் என்றாலும் இன்ஜின் முன்னால் இருந்தது, நான் பின்படிக்கட்டில் இருந்தேன். டர்போ என்பது, வீணாகப் போகிற புகையின் வேகத்தில் ஒரு சின்ன விசிறியைச் சுற்றவிட்டு, இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் திணிக்கிற சாமான். அது சுற்றுகிற சுற்றில் தீயாய்க் கொதிக்கும். அதன் வழியாக ஓடுகிற ஆயிலும் கொதிக்கும். அந்த ஆயிலை முன்பக்கத்தில் ஒரு குட்டி ரேடியேட்டருக்குள் ஓடவிட்டு, எதிர்க்காற்றில் ஆறவைத்து, திரும்ப அனுப்புவதுதான் ஆயில் கூலர். அவ்வளவுதான். இதற்காகவா ஒரு கல்யாணம் நிற்க வேண்டும் என்று நானும்தான் கேட்கிறேன்.

ஜோஸ்பின் அம்மாள் மிச்ச பஜ்ஜியைத் தூக்கிக் காட்டினார். "இந்தா பாரு, ஒரே எண்ணெய்ல மறுபடி மறுபடி பஜ்ஜி போட்டா எண்ணெய் என்னத்துக்காகும்? கருகிரும்ல. அம்புட்டுத்தான் விஷயம். ஆற வச்சா எண்ணெய் நிக்கும், எண்ணெய் நின்னா டர்போ நிக்கும்."

டெய்சி தட்டைக் கீழே வைத்தாள். அவள் தட்டைக் கீழே வைத்தால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். "அத்தை, இந்த வண்டி பழனிக்கும் மதுரைக்கும் சமதளத்துல ஓடுற வண்டி. அதுவும் விடியக்காலைச் சவாரிதான் ஜாஸ்தி. அதுக்குப் போய் கூலர் வச்சா ஆயில் சூடே ஏறாது. மார்கழி மாசத்துத் தேங்காயெண்ணெய் மாதிரி மசமசன்னு கிடக்கும், இன்ஜின் தேஞ்சுரும். கூடுதலா ரெண்டு பைப்பு, நாலு ஜாயிண்டு, எது ஒழுகினாலும் நடுரோட்டுல நிக்கணும். ஆயில் எவ்வளவு சூடாகுதுன்னு மீட்டர் வச்சு ஓட்டிப் பார்த்துட்டுத்தான் கூலர் வைக்கணுமா வேணாமான்னு சொல்ல முடியும். பார்க்காமலே வைக்கிறது எனக்குப் பிடிக்காது."

"எங்கடைக்கு வாரவுகள்ட்ட நான் மீட்டரா காட்டுறேன்?" என்றார் அந்த அம்மாள். சத்தம் கூட்டவில்லை. சத்தம் கூட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். மாப்பிள்ளைப் பையன் பஜ்ஜியில் வெங்காயம் எது, வாழைக்காய் எது என்று தீவிரமாக ஆராய்ந்துகொண்டிருந்தார்.

மறுநாள் எங்கள் கோயில் உபதேசியார் மூலமாகச் செய்தி வந்தது. பெண் தங்கம், ஆனால் கூலர் போட்டாக வேண்டும். கூலர் விற்று மகனைப் படிக்கவைத்த வீடு அது. அந்த வீட்டு மருமகளே கூலர் வேண்டாமென்று வண்டி கட்டி அனுப்பினால், நாளைக்குக் கடைக்கு எந்த லாரிக்காரன் வருவான்? இதுதான் கேள்வி. யோசித்துப் பார்த்தால் நியாயம்தான். டெய்சியிடம் சொன்னேன். "தேவையில்லாததைத் தேவைன்னு சொல்லி மாட்டிக் கல்யாணம் பண்ணச் சொல்றியா அப்பா?" என்றாள். யோசித்துப் பார்த்தால் அதுவும் நியாயம்தான். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிற இடத்தில் ஒரு கண்டக்டர் என்ன செய்வான்? இரண்டு பேரையும் கொஞ்சம் தள்ளி உட்காரச் சொல்வான்.

ஆகவே நான் ஒரு காரியம் செய்தேன். நாகல்நகர் பக்கம் ஒரு பழைய இரும்புக் கடையில் செத்துப்போன ஆயில் கூலர் ஒன்றை வாங்கினேன். டெய்சி இன்ஜினை ஏற்றி முன்மூடியை மூடிவிட்டு, பாட்டுப் பயிற்சிக்குக் கோயிலுக்குப் போன நேரம் பார்த்து, வேனின் முன்பக்கக் கம்பி வலைக்குப் பின்னால் அதைக் கட்டுக்கம்பியால் கட்டிவிட்டேன். பைப் கிடையாது, ஜாயிண்ட் கிடையாது, சும்மா இருக்கும். வெளியிலிருந்து பார்க்கிற ஜோஸ்பின் அம்மாளுக்குக் கூலர் இருக்கிறது. உள்ளேயிருந்து வேலை பார்க்கிற டெய்சிக்குக் கூலர் இல்லை. எல்லாரும் சந்தோஷமாக இருக்கலாம். சாலமோன் ராஜாவுக்குக்கூட இப்படித் தோன்றியிருக்காது என்று நினைத்துக்கொண்டு வெற்றிலை போட்டேன்.

நடந்ததைக் கேளுங்கள். ஜோஸ்பின் அம்மாள் தாடிக்கொம்பில் ஒரு துக்க வீட்டுக்குப் போகிற வழியில் நம் தெருவில் ஆட்டோவை நிறுத்திப் பார்த்திருக்கிறார். கூலர் தெரிந்திருக்கிறது. மறுநாளே ஒரு தூக்குவாளி நிறையப் பருத்திப்பாலும், "நல்ல மனசு, நல்லா இருக்கணும்" என்று செய்தியும் வந்தன. டெய்சி அதைக் குடித்துவிட்டு, அத்தை விட்டுக்கொடுத்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டாள். அவளும் பதிலுக்கு, கண்ணுசாமி தோட்டத்துச் செவ்வந்தியில் ஒரு கூடை அனுப்பி, "ரொம்ப நன்றி அத்தை" என்று சொல்லச் சொன்னாள். அந்தப் பக்கத்தில், விட்டுக்கொடுத்ததும் இல்லாமல் நன்றியும் சொல்கிறாளே, இப்படி ஒரு பெண்ணா என்று அந்த அம்மாள் உருகியிருக்கிறார். ஒரு வாரம் மச்சான், ஒரே ஒரு வாரம் இந்த வீட்டில் தேனும் பாலும் ஓடின. தங்கள் தங்கை என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

போன ஞாயிறு எல்லாம் முடிந்தது. இன்ஜின் ஏற்றிய வேனை முதலில் மாதா கோயிலில் மந்திரிக்க வேண்டும், பிறகு மாரியம்மன் கோயிலில் நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைக்க வேண்டும் என்பது கண்ணுசாமியின் ஏற்பாடு. கட்டியது உங்க சாமி, ஓட்டப்போறது எங்க சாமி, ரெண்டு பேரும் பார்த்துக்கட்டும் என்பது அவர் கணக்கு. பூசை முடிந்த ஜனம் அத்தனையும் வேனைச் சுற்றி நின்றது. ஜோஸ்பின் அம்மாளும் ஜெரினும் வந்திருந்தார்கள். பங்குச்சாமியார் தீர்த்தச் செம்போடு வந்து, சும்மா போகக் கூடாதா, "முன்மூடியைத் திறங்க, இன்ஜினுக்கும் தெளிப்போம்" என்றார்.

திறந்தார்கள். அந்த நேரம் பார்த்துத்தானா இரண்டு பெண்களும் பேசிக்கொள்ள வேண்டும்? "விட்டுக்கொடுத்ததுக்கு நன்றி அத்தை" என்றாள் டெய்சி. "நான் எங்கடி விட்டுக்கொடுத்தேன், நீயில்ல விட்டுக்கொடுத்த" என்றார் ஜோஸ்பின் அம்மாள். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு ஒரே நேரத்தில் இரண்டு தலைகளும் வேனுக்குள் குனிந்தன. பங்குச்சாமியார், நல்ல மனிதர், கையை வீசித் தீர்த்தம் தெளித்தார். தீர்த்தம் பட்டதோ, என் கட்டுக்கம்பிக்கு மனசாட்சி உறுத்தியதோ, கூலர் கழன்று கோயில் சிமென்ட் தரையில் டங்கென்று விழுந்து, உருண்டு, ஜோஸ்பின் அம்மாள் செருப்பில் முட்டி நின்றது.

அவர் அதை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். ஓரத்தில் ஒரு நீலப் பெயிண்ட் பொட்டு இருந்தது. "இது எங்கடையில ஓட்டைன்னு தூக்கிப் போட்ட சாமான். நான்தான் பொட்டு வச்சேன்" என்றார். கண்ணுசாமி எலுமிச்சம்பழங்களைக் கையில் வைத்துக்கொண்டு, "கண்டக்டரே, இது இன்ஜின்ல இருந்து விழுந்துச்சா, வானத்துல இருந்து விழுந்துச்சா?" என்று என்னைக் கேட்டார். ஏன் என்னை மட்டும் கேட்க வேண்டும்? தங்கள் தங்கை என் முகத்தைப் பார்த்தாள், புரிந்துகொண்டாள். அன்று முதல் எனக்கு ரசம் மட்டும்தான், வெஞ்சனம் கிடையாது.

டெய்சி அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. அத்தனை பேர் முன்னாலும், "அத்தை, நான் மீட்டர் மாட்டியிருக்கேன். சமதளம்கூட வேணாம். இப்பவே சிறுமலைக்கு ஏத்துவோம். ஆள் நிறைய ஏத்துவோம். முள்ளு சிவப்புக் கோட்டைத் தாண்டிச்சுன்னா உங்க கடையிலயே கூலர் வாங்கி மாட்டுறேன். தாண்டலைன்னா நீங்க இதப் பத்திப் பேசக் கூடாது" என்றாள். "ஏறு" என்றார் ஜோஸ்பின் அம்மாள்.

ஆள் நிறைய ஏற்ற வேண்டும் என்று சொன்னதுதான் தாமதம், பூசைக்கு வந்த கூட்டம் முண்டியடித்து ஏறியது. எனக்கு என்ன ஆனதென்று தெரியவில்லை மச்சான். கால் தானாகப் படிக்கட்டுக்குப் போனது, கை தானாகச் சட்டைப்பைக்குப் போனது. ஓய்வு பெற்ற அன்று கொண்டுவந்த விசில் இன்னும் அங்கேதான் இருக்கிறது. "உள்ள போங்க, உள்ள போங்க, நடுவுல எடம் கெடக்கு" என்று கத்தி, விசிலை ஊதி, "ரைட்" சொன்னேன். அவமானத்தில் செத்துப்போயிருக்க வேண்டிய நேரம் அது. எனக்கோ அவ்வளவு சந்தோஷம். கண்ணுசாமி எலுமிச்சம்பழத்தை வைக்க நேரமில்லாமல் மடியில் கட்டிக்கொண்டு ஏறினார்.

மலையடிவாரம் தாண்டி மூன்றாவது வளைவில், இதுவரை ஒரு வார்த்தை பேசாத மாப்பிள்ளைப் பையன் பேசினார். "கொஞ்சம் நிறுத்துங்க" என்றார். அவருக்கு வளைவு ஒத்துக்கொள்ளாதாம். நிறுத்தி, இறங்கி, காரியம் முடிந்து வருவதற்குள் மீட்டர் முள் இறங்கிவிட்டது. "நிறுத்துனா இறங்கத்தான் செய்யும், இது செல்லாது" என்றார் ஜோஸ்பின் அம்மாள். "உங்க பிள்ளைக்காகத்தான நிறுத்தினேன்" என்றாள் டெய்சி. வண்டியைத் திருப்பி அடிவாரத்துக்கே போய் மறுபடி ஏறினோம். மறுபடி மூன்றாவது வளைவு, மறுபடி "கொஞ்சம் நிறுத்துங்க." வண்டிக்குள் இருந்தவர்கள் ஜெபமாலை சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள்.

டெய்சி இறங்கிப் போய், கண்ணுசாமி மடியிலிருந்து மாரியம்மனுக்கு வைத்திருந்த எலுமிச்சம்பழத்தில் ஒன்றை வாங்கி, நகத்தால் கீறி அவர் கையில் கொடுத்தாள். "மோந்துக்கிட்டே முன்னாடி வந்து உக்காருங்க. ரோட்டைப் பார்க்காதீங்க, இந்த மீட்டரை மட்டும் பாருங்க. வளைவுக்கு வளைவு நம்பரைச் சத்தமாச் சொல்லணும்" என்றாள். மச்சான், அதன் பிறகு அந்தப் பிள்ளையைப் பிடிக்க முடியவில்லை. "தொண்ணூத்தி நாலு, ஏறுது. நூத்தி ஒண்ணு. நூத்தி ஏழு, இப்ப ஏறுற வேகம் குறையுது" என்று வகுப்பில் பாடம் நடத்துவதுபோலச் சொல்லிக்கொண்டே வந்தார். வாந்தி எங்கே போனதென்று தெரியவில்லை. டெய்சி கியர் மாற்றும்போதெல்லாம் அவர் மீட்டரைப் பார்த்தாரா, அவளைப் பார்த்தாரா என்பதை நான் பின்படிக்கட்டிலிருந்தே கவனித்தேன். பாதிக்குப் பாதி இருக்கும்.

மலை உச்சி டீக்கடையில் வண்டி நின்றது. "தாண்டிச்சா?" என்று கேட்டார் அம்மா. "தாண்டிச்சா?" என்று கேட்டாள் இவள். ஜெரின் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்துவிட்டு, "கோட்டைத் தொட்டுக்கிட்டு நிக்குது" என்றார். நம் வீட்டு மருமகனாக வருவதற்கான முழுத் தகுதியும் எனக்கு அந்த ஒரு பதிலில் தெரிந்தது. ஆனால் இரண்டு பெண்களும் அவரை முறைத்த முறைப்பில் பாவம், மறுபடி எலுமிச்சம்பழத்தை முகர்ந்தார்.

அப்போதுதான் கண்ணுசாமி டீயை ஊதிக்கொண்டே, போகிற போக்கில், "நல்லதாப் போச்சு தாயி, வண்டி மலை ஏறிருச்சு. அடுத்த மாசத்துல இருந்து தெனமும் எஸ்டேட்டு ஆளுகளை மேல ஏத்திவிடணும்னு ஒருத்தர்ட்ட பேசியிருக்கேன்" என்றார். டெய்சியின் முகம் வாடிவிட்டது. "அண்ணே, சமதளத்துல ஓட்டுறதாத்தான சொன்னீங்க. இதை முன்னாடியே சொல்லலையே" என்றாள். "நீ கேக்கலையே தாயி" என்றார் அவர். ஜோஸ்பின் அம்மாள் இதைக் கேட்டாரா என்றுகூடத் தெரியவில்லை. அவர் தனியாக வேனைச் சுற்றிச் சுற்றி வந்தார், குனிந்து அடியில் பார்த்தார், காதை வைத்துக் கேட்டார். இறங்கும்போது கடைசி சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டார். கோயில் வாசலில் அந்த அம்மாள் ஆட்டோ பிடித்துப் போய்விட்டார்.

இன்றைக்கு வியாழக்கிழமை. அங்கேயிருந்து செய்தி இல்லை, தூக்குவாளி இல்லை, உபதேசியாரும் என்னைக் கண்டால் சந்தில் திரும்பிவிடுகிறார். டெய்சி ஷெட்டில் அந்த வேனுக்கு முன்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருக்கிறாள். சாப்பிடக் கூப்பிட்டால், "செத்த நேரம் இருப்பா" என்கிறாள். மச்சான், எனக்குப் பயமாக இருக்கிறது. மற்ற வீட்டார் எல்லாம் என் பிள்ளையின் கையைப் பார்த்தார்கள். இந்த ஒரு வீடுதான் அந்தக் கை செய்ததைப் பார்த்தது. இதுவும் போய்விட்டால் அவள் என்னிடம் எதுவும் கேட்க மாட்டாள், வழக்கம்போல வேலையைப் பார்ப்பாள். அதைத்தான் என்னால் தாங்க முடியாது. அந்தக் கட்டுக்கம்பியைக் கட்டிய கையால்தான் இதை எழுதுகிறேன்.

ஆகையால் தாங்கள் உடனே வந்து தீர்ப்புச் சொல்லுங்கள். கூலர் வேண்டும் என்றால் டெய்சி பொய்யாக வேலை செய்தாள் என்று ஆகக் கூடாது. வேண்டாம் என்றால் அந்த அம்மாள் கடைக்கு ஈ கூட வராது என்று ஆகக் கூடாது. இரண்டு பேருக்கும் ஜன்னலோரம் கிடைக்க வேண்டும். லாட்ஜில் ஒரே அறையை இரண்டு குடும்பத்துக்குப் பேசி முடித்துச் சமாளித்தவர் தாங்கள், இது பெரிதில்லை.

அக்காவுக்கு என் வந்தனம். முழங்காலுக்கு அக்கா சொன்ன தைலம் தேய்க்கிறேன், நாற்றம் மட்டும் நிற்கிறது. தங்கள் லாட்ஜில் அறை காலியில்லாத நாளாகவே எல்லா நாளும் அமையவும், தங்கள் குடும்பத்தைத் தேவமாதா தன் முந்தானையில் வைத்துக் காக்கவும் மன்றாடும்,

தங்கள் மச்சான்,
அந்தோணிமுத்து

பின்குறிப்பு: இதைப் பேருந்து நிலையத்தில், உறையின் முதுகில் எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். மேலே உள்ள கடிதத்தை ஒட்டிக்கொண்டு காலையிலேயே இங்கே வந்தேன். பழனி பஸ்ஸில் கொடுக்கப் போகும்போது தங்கள் தங்கை போன் செய்து, "ஏங்க, சீக்கிரம் வாங்க, ஷெட்டுல சண்டை" என்றாள். ஆட்டோ பிடித்து ஓடினேன். வேனுக்கு இந்தப் பக்கம் டெய்சி, அந்தப் பக்கம் ஜோஸ்பின் அம்மாள். நடுவில் ஜெரின், பள்ளிக்கூடத்துக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டு, கையில் ஒரு புத்தம் புது ஆயில் கூலரைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார்.

என்னவென்றால், காலையில் டெய்சியே அந்த அம்மாளின் கடைக்குப் போயிருக்கிறாள். "அத்தை, தெனமும் மலை ஏறுற வண்டின்னா நீங்க சொன்னதுதான் சரி. கூலர் வேணும். சூடானா மட்டும் திறக்குற வால்வோட ஒண்ணு குடுங்க" என்று கேட்டிருக்கிறாள். அந்த அம்மாள் விற்க மாட்டேன் என்றிருக்கிறார். இவளே ஒன்றை எடுத்து ஜெரின் கையில் கொடுத்து அவரோடு வண்டியேற, அந்த அம்மாளும் பின்னாலேயே ஆட்டோவில் வந்துவிட்டார். "கோயில் ஜனம் அம்புட்டும் ஏறியும் முள்ளு தாண்டல. நாலு நாளா கடைக்கு வாரவன் போறவன் எல்லார்ட்டயும், எம் மருமக கட்டுன இன்ஜினு கூலரே இல்லாம சிறுமலை ஏறும்னு சொல்லி வச்சிருக்கேன். இப்ப கூலரை மாட்டுனா எம் மருமக பேரு என்னத்துக்காகும்? எங்கடைச் சாமானை எவளும் இந்த வண்டியில மாட்டக் கூடாது." இதற்கு டெய்சி, "மாட்டாம அனுப்ப மாட்டேன் அத்தை." கண்ணுசாமி ஓரமாக நின்று, ரெண்டு பேருல யாராச்சும் ஒருத்தர் எனக்குச் சாவி குடுங்க என்று கெஞ்சிக்கொண்டிருக்கிறார்.

ஆக மேலே டெய்சி என்று இருக்கிற இடத்தில் ஜோஸ்பின் அம்மாள் என்றும், ஜோஸ்பின் அம்மாள் என்று இருக்கிற இடத்தில் டெய்சி என்றும் மாற்றிப் படித்துக்கொள்ளவும். தங்கள் தங்கை "எம் மருமக" என்ற சொல்லைக் காதில் வாங்கிய உடனே சண்டையை விலக்காமல் உள்ளே போய்ப் பால் காய்ச்ச ஆரம்பித்துவிட்டாள். எனக்கு மத்தியானம் அவரைக்காய்ப் பொரியல் உண்டு என்றும் சொல்லிவிட்டாள்.

மச்சான், தீர்ப்புச் சொல்ல வர வேண்டாம். இது நம் வீட்டுச் சண்டை ஆகிவிட்டது, பல வருஷம் ஓடும். தாய்மாமன் சீரோடு வாருங்கள். நான் வீட்டுக்குப் போய்த் திரும்பியதில் அந்தப் பஸ் போய்விட்டது, இதுவும் புறப்படுகிறது. விசில் ஊதிவிட்டார்கள்.